மெய்நிகர் நோயாளி மாதிரியும் அணு மருத்துவச் சிகிச்சையும்: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதிகளின் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருக்கு ‘டிஜிட்டல் ட்வின்’ என்னும் சொல் புதிதன்று. ஓர் இயந்திரத்தின் நிகர்வடிவத்தைக் கணினியில் உருவாக்கி, அதில் மாற்றங்களைச் செய்து பார்த்த பின்னரே உண்மையான இயந்திரத்தில் கைவைப்பது அம்முறை. அண்மைக் காலமாக அதே சொல் மருத்துவச் செய்திகளிலும் இடம்பெற்று வருகிறது. நோயாளியின் உடலுக்கு ஒரு கணினி நிகர்வடிவம் அமைத்து, அதில் சிகிச்சையை முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, அவருக்கென்றே அளவிட்ட மருந்தைத் தரலாம் என்பதே அச்செய்திகளின் சாரம். இதனை ‘மெய்நிகர் நோயாளி மாதிரி’ என்பர்.

இச்செய்திகளைப் படித்தவர்கள் மூன்று கேள்விகளை எழுப்புகின்றனர். எல்லாருக்கும் ஒரே அளவு மருந்து தருவது கவனக்குறைவா? மாதிரி முறை வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா? அம்முறை நமக்கு எப்போது கிடைக்கும்?

சுருக்கமான விடை இது. நிலையான அளவு என்பது ஆய்வுகளில் சோதித்து ஏற்கப்பட்ட முறை. அது கவனக்குறைவு அன்று. மாதிரிக்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் கூடாது. ஆனால் மாதிரி முறையின் உயிர்நாடியான ஒரு பகுதி இன்றே உங்கள் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளது. மருந்து செலுத்தப்பட்ட பிறகு உங்கள் உடலில் அது எங்கே சென்றது, எவ்வளவு காலம் தங்கியது என்பதை அளந்து பார்ப்பதே அது. இக்கட்டுரை இவ்விடையை விரிவாக விளக்குகிறது.

அணு மருத்துவச் சிகிச்சை என்பது யாது?

வெளியிலிருந்து கதிர்வீச்சைப் பாய்ச்சும் சிகிச்சையைப் பலரும் அறிவர். அணு மருத்துவத்தில் கதிர்வீச்சு உடலுக்குள்ளிருந்தே செயல்படுகிறது. கதிரியக்கத் தனிமம் ஒன்று வாய்வழியாகவோ, இரத்தக் குழாய் வழியாகவோ தரப்படும். அது நோயுள்ள செல்களைத் தேடிச் சென்று ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் தொலைவுக்கு மட்டுமே பாயும் துகள்களால் அவற்றை அழிக்கும்.

இச்சிகிச்சைகளில் மூத்தவற்றுள் ஒன்று அயோடின்-131. மிகைத் தைராய்டு நோய்க்கும், சிலவகைத் தைராய்டுப் புற்றுநோய்க்கும் இது தரப்படுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் சால் ஹெர்ட்ஸ் 1941ஆம் ஆண்டு மிகைத் தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைத் தந்தது இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. இந்தியாவில் 1963ஆம் ஆண்டு மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருத்துவ மையம் நிறுவப்பட்டது.

புதியது லுட்டீசியம்-177. நியூரோ எண்டோகிரைன் கட்டிகளுக்கு டோட்டாடேட் என்னும் மூலக்கூறுடனும், முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பி.எஸ்.எம்.ஏ. மூலக்கூறுடனும் இணைத்து இது செலுத்தப்படுகிறது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு முன்னதை 2018ஆம் ஆண்டும், பின்னதை 2022ஆம் ஆண்டும் ஏற்றது. இந்தியாவில் டிராம்பேயிலுள்ள துருவா அணு உலை போன்றவற்றில் மருத்துவத் தனிமங்கள் உருவாக்கப்பட்டு, கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்பு தொழில்நுட்ப வாரியத்தின் வழியாக மருத்துவமனைகளுக்கு வழங்கப்படுகின்றன.

தரும் அளவும் ஏற்கும் அளவும்

இப்பொருளில் நீங்கள் தெளிவாக வேறுபடுத்தி அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, மருத்துவமனை உங்களுக்குத் ‘தரும் அளவு’. இது மில்லிகியூரி அல்லது ஜிகாபெக்கரல் என்னும் அலகில் உங்கள் சிகிச்சைத் தாளில் எழுதப்பட்டிருக்கும். மற்றொன்று, உங்கள் கட்டியும் சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் உண்மையில் ‘ஏற்கும் அளவு’. இதன் அலகு கிரே.

லுட்டீசியம் டோட்டாடேட் சிகிச்சையில் வழக்கமாக ஒரு சுற்றுக்கு 200 மில்லிகியூரி, அதாவது 7.4 ஜிகாபெக்கரல், எட்டு வாரங்களுக்கு ஒருமுறை என நான்கு சுற்றுகள் தரப்படுகின்றன. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் 85 கிலோ எடையுள்ள ஆணுக்கும் தொடக்க அளவு பெரும்பாலும் இதுவே. தரும் அளவு ஒன்றாக இருப்பினும், ஏற்கும் அளவு ஆளுக்கு ஆள் மடங்குக் கணக்கில் வேறுபடுகிறது. கட்டிகள் எவ்வளவு பெரியவை, அவை மருந்தை எவ்வளவு ஈர்க்கின்றன, சிறுநீரகம் எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பவை இதற்குக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சிறுநீரகம் ஏற்கும் மொத்த அளவு 23 கிரே என்னும் எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பல மையங்களின் வழக்கம். ஒருவரது சிறுநீரகம் ஒரு சுற்றுக்கு 3 கிரே ஏற்கிறது எனக் கொள்வோம். நான்கு சுற்றுகளில் அது 12 கிரே மட்டுமே. அவருக்கு இன்னும் இடமிருக்கிறது. மற்றொருவரது சிறுநீரகம் ஒரு சுற்றுக்கு 7 கிரே ஏற்பின், நான்கு சுற்றுகளில் 28 கிரே ஆகிவிடும். அவருக்கு மூன்றாம் சுற்றிலேயே நிறுத்தி யோசிக்க வேண்டும். அளந்து பார்க்காவிடில் இவ்விருவரையும் வேறுபடுத்தி அறிய வழியில்லை. முன்னவர் கிடைத்திருக்கக்கூடிய பலனை இழக்கலாம்; பின்னவர் தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்பை அடையலாம்.

மெய்நிகர் நோயாளி மாதிரி எவ்வாறு உருவாகிறது?

உடலைக் கணக்கில் எழுதும் முயற்சி 1960களிலேயே தொடங்கிவிட்டது. அக்காலத்தில் உருளை, நீள்வட்டம் போன்ற எளிய வடிவங்களால் மனித உடலை வரைந்து, ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்குச் செல்லும் கதிர்வீச்சைக் கணக்கிட்டனர். பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மேற்கோள் மனிதர்’ மாதிரிகள் மிகவும் நுட்பமானவை. அவற்றில் ஆண் 176 சென்டிமீட்டர் உயரமும் 73 கிலோ எடையும், பெண் 163 சென்டிமீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உடையவர்கள். நம் ஊர் நோயாளிகள் பலர் இவ்விரண்டுக்கும் குறைவான உடல்வாகு உடையவர்கள் என்பதை இங்கே நினைவிற்கொள்க. இம்மாதிரிகள் எவரையும் குறிப்பிட்டுக் காட்டுபவை அல்ல. பொதுவான உடலைக் காட்டுபவை.

மெய்நிகர் நோயாளி மாதிரி இதிலிருந்து ஒருபடி முன்னேறி, குறிப்பிட்ட ஒரு நோயாளியின் உடலைக் கணக்கில் கொண்டுவர முயல்கிறது. அதற்கு நான்கு அடுக்குகள் உள்ளன.

முதல் அடுக்கு, உடலின் வடிவம். உங்கள் சி.டி. படத்திலிருந்து கட்டி, சிறுநீரகம், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றின் எல்லைகள் வரையப்படும்.

இரண்டாம் அடுக்கு, மருந்தின் ஓட்டம். இரத்தத்தில் கலந்த மருந்து ஒவ்வோர் உறுப்புக்கும் எவ்வளவு செல்லும், எவ்வளவு நேரம் தங்கும், எப்போது சிறுநீரில் வெளியேறும் என்பது சமன்பாடுகளாக எழுதப்படும்.

மூன்றாம் அடுக்கு, கதிர்வீச்சுக் கணக்கு. ஒவ்வோர் உறுப்பும் ஏற்கும் அளவு இங்கே கிரே அலகில் கணக்கிடப்படும்.

நான்காம் அடுக்கு, உடலின் எதிர்வினை. அந்த அளவுக்குக் கட்டி எவ்வளவு சுருங்கும், நலமான உறுப்பு எவ்வளவு பாதிக்கப்படும் என்பது மதிப்பிடப்படும்.

இந்நான்கும் இருப்பினும், அது ஒரு மதிப்பீடு மட்டுமே. முதல் சுற்று மருந்து தந்த பின் எடுக்கப்படும் படங்களைக் கொண்டு மாதிரியைத் திருத்தி, அடுத்த சுற்றுக்குப் பயன்படுத்தினால்தான் அது ‘இரட்டை’ என்னும் பெயருக்கு உரியதாகிறது. 2022ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகர ஆய்வாளர்களும் அவர்தம் பன்னாட்டுக் கூட்டாளிகளும் அணு மருத்துவத்துக்கான இத்தகைய இரட்டையின் திட்டவரைவை விரிவாக வெளியிட்டனர். முதல் மூன்று அடுக்குகளின் பகுதிகள் சில மையங்களில் நடைமுறையில் உள்ளன. நான்கும் ஒருங்கிணைந்த முழு மாதிரி இன்றும் ஆய்வுநிலையிலேயே உள்ளது.

இயந்திர மாதிரியும் உடல் மாதிரியும்

ஒரகடத்திலுள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்னும் வாகன ஆராய்ச்சி மையத்தில் மோதல் சோதனைக்கூடம் இருப்பதை இப்பகுதி மக்கள் அறிவர். ஒரு புதிய வாகனம் கணினியில் எண்ணற்ற முறை மோதவிடப்பட்டிருக்கும். ஆயினும், உள்ளே பொம்மையை அமர்த்தி உண்மையான வண்டியைத் தடுப்பில் மோதவிட்டு அளந்து பார்க்கும் சோதனைக்கு இன்றும் இடமிருக்கிறது. கணினி தரும் நம்பிக்கையை அளவீடு உறுதி செய்கிறது.

உடல் மாதிரிக்கு இவ்வளவீடு இன்னும் இன்றியமையாதது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இயந்திரத்துக்கு வரைபடம் உண்டு. எந்தத் திருகாணி எங்கே உள்ளது என்பதை வடிவமைத்தவர் அறிவார். உங்கள் உடலுக்கு அத்தகைய முழு வரைபடம் எவரிடமும் இல்லை. மேலும், இயந்திரத்தில் பொருத்திய உணரிகள் நொடிதோறும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் உடலிலிருந்து கிடைப்பவையோ இரண்டு அல்லது மூன்று படங்களும் சில இரத்தப் பரிசோதனை முடிவுகளுமே. அவற்றில் ஒன்று தவறினாலும் மாதிரி அந்த இடத்தை ஊகத்தால் நிரப்பிக்கொள்ளும்.

ஆய்வுச் சான்றுகள் கூறுவது என்ன?

தனித்தனியே அளந்து தரும் சிகிச்சை எல்லா நோய்களிலும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. மூன்று எடுத்துக்காட்டுகள் இதை விளக்கும்.

கல்லீரல் புற்றுநோய்: கல்லீரல் தமனி வழியாக இட்ரியம்-90 நுண்மணிகளைச் செலுத்தும் சிகிச்சையில், முதலில் வேறு துகள்களைச் செலுத்தி அவை எங்கே படிகின்றன எனப் பார்க்கும் ஒத்திகை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. பிரான்சில் 60 நோயாளிகளிடம் நடந்து 2021ஆம் ஆண்டு வெளியான ‘டோசிஸ்பியர்-01’ ஆய்வில், ஒரு பிரிவினருக்கு நிலையான முறையிலும், மற்றொரு பிரிவினருக்குக் கட்டி ஏற்கும் அளவைக் கணக்கிட்டும் சிகிச்சை தரப்பட்டது. கணக்கிட்டுத் தந்தோரில் 71 விழுக்காட்டினருக்கும், நிலையான அளவு பெற்றோரில் 36 விழுக்காட்டினருக்கும் கட்டி குறிப்பிடத்தக்க வகையில் கட்டுப்பட்டது. இடைநிலை வாழ்நாள் முறையே 26.6 மாதங்கள், 10.7 மாதங்கள். சிறிய ஆய்வேயெனினும், தனித்தனியே அளப்பதற்கு ஆதரவான வலிமையான சான்று இது.

தைராய்டு: இங்கே நிலைமை வேறு. இடர் குறைந்த தைராய்டுப் புற்றுநோயில் அறுவைக்குப் பின் தரும் அயோடினைப் பற்றி, பிரித்தானியாவில் 438 நோயாளிகளிடம் நடந்த ‘ஹைலோ’ ஆய்வு 2012ஆம் ஆண்டு வெளியானது. 30 மில்லிகியூரி பெற்றோரில் 85 விழுக்காட்டினருக்கும், 100 மில்லிகியூரி பெற்றோரில் 88.9 விழுக்காட்டினருக்கும் சிகிச்சை வெற்றி பெற்றது. குறைந்த அளவே போதும் என்பது இதன் முடிவு. 2022ஆம் ஆண்டு வெளியான பிரெஞ்சு ஆய்வு, இடர் குறைந்தோரில் அயோடின் தராமலே கண்காணிக்கலாம் என்று காட்டியது. மிகைத் தைராய்டு நோயிலும், கணக்கிட்டுத் தரும் முறை நிலையான அளவைவிடத் தெளிவாக மேலானது என்று நிறுவப்படவில்லை. ஆகவே, இத்தகைய நோயாளிகளுக்குச் சிக்கலான மாதிரி இல்லாமை ஓர் இழப்பு அன்று.

நியூரோ எண்டோகிரைன் கட்டி: சுவீடனின் உப்சாலா மையம் 200 நோயாளிகளுக்கு, சிறுநீரகம் ஏற்கும் அளவை ஒவ்வொரு சுற்றிலும் அளந்து, 23 கிரே எட்டும்வரை சுற்றுகளைத் தொடர்ந்தது. 2018ஆம் ஆண்டு வெளியான முடிவுகளின்படி, அந்த எல்லை வரை சிகிச்சை பெற முடிந்தோர் கூடுதல் காலம் வாழ்ந்தனர். எனினும், உடல்நிலை நன்றாக இருந்தோரே அவ்வளவு சுற்றுகளைத் தாங்கியிருக்கவும் கூடும். ஆதலால் இதை உறுதியான முடிவாகக் கொள்ள இயலாது. நம்பிக்கையூட்டும் குறிப்பாகக் கொள்ளலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013ஆம் ஆண்டு பிறப்பித்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு நெறிமுறை, அணு மருத்துவச் சிகிச்சை உட்பட எல்லாக் கதிர்வீச்சுச் சிகிச்சைகளிலும் நோயாளி ஏற்கும் அளவைத் தனித்தனியே திட்டமிட்டுச் சரிபார்க்குமாறு கூறுகிறது. ஆயினும் அங்குள்ள மருத்துவமனைகள் பலவும் இன்றும் நிலையான அளவையே தருகின்றன. படமெடுக்கும் கருவியின் நேரம், கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர், நோயாளி மீண்டும் மீண்டும் வந்து செல்லும் சிரமம் ஆகியவையே அங்கும் தடைகள்.

இத்தொழில் வழித்தடத்தில் தடை எது?

ஏற்கும் அளவை முறையாகக் கணக்கிட, லுட்டீசியம் செலுத்திய பின் ஒன்றாம் நாள், நான்காம் நாள், ஏழாம் நாள் என மூன்று முறை ஸ்பெக்ட்-சி.டி. படம் எடுப்பது வழக்கமான முறை. லுட்டீசியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 6.65 நாட்கள் என்பதால் இந்நாட்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

மூன்று சுழற்சிகளில் பணி நடக்கும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக உள்ளவருக்கு இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் சென்னைக்கோ, பெங்களூரு நெடுஞ்சாலை வழியாக வேலூருக்கோ சென்று திரும்ப ஒரு முழுநாள் கழியும். உடன்வரும் மனைவியோ மகனோ இழக்கும் கூலியும் அதனுடன் சேரும். சிகிச்சைச் செலவைக் காப்பீடு ஏற்றாலும், இழந்த நாட்களின் கூலியை அது ஏற்பதில்லை. ஆகவே நோயாளிகள் மருந்துக்கு வருகின்றனர். படத்துக்கு வராமல் விட்டுவிடுகின்றனர். எந்த உயர்ந்த கணினியும் இவ்விடைவெளியை நிரப்பாது.

கணினி மாதிரிகளின் மிக அண்மைய, மிக எளிய பயன் இங்கேதான் உள்ளது. முன்னர் மூன்று படங்கள் எடுக்கப்பட்ட பல நோயாளிகளின் தரவிலிருந்து, மருந்து உறுப்புகளைவிட்டு வெளியேறும் வேகத்தின் பொதுப்போக்கு அறியப்பட்டுள்ளது. அதைப் பயன்படுத்தி, ஏறத்தாழ நான்காம் நாளில் எடுக்கும் ஒரே படத்திலிருந்து ஏற்கும் அளவைப் பெரும்பாலானோருக்கு ஏற்கத்தக்க துல்லியத்துடன் மதிப்பிடலாம் என்று 2018 முதல் வெளியான ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்று பயணங்கள் ஒன்றாகக் குறைவது தொழிலாளர் குடும்பத்துக்குச் சிறிய செய்தியன்று. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு இக்குறுக்குவழி பொருந்தாமல் போகலாம். அவர்களுக்குக் கூடுதல் படங்கள் தேவைப்படும்.

உங்கள் மருத்துவமனை ஒரு படமாவது எடுக்கப் பரிந்துரைத்தால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். மருந்து செலுத்தும் நாளுக்கும் இது பொருந்தும். உங்கள் பெயருக்கு வரவழைக்கப்பட்ட கதிரியக்க மருந்து, நீங்கள் வராவிட்டாலும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே இருக்கும். அடுத்த வாரத்துக்கு எடுத்துவைக்க இயலாது.

விடுப்பும் காப்பீடும்

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டமான இ.எஸ்.ஐ.யின் கீழ் வருவர். நோய்க்கால உதவித்தொகையாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை வழங்கப்படுகிறது. புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, பணிக்கால நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 80 விழுக்காடு ஊதியம் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். இதற்கு மருத்துவச் சான்று தேவை. படம் எடுக்கும் நாட்களையும் சேர்த்துச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். மருந்து தந்த நாளுக்கு மட்டும் சான்று வாங்கிச் செல்வோர் பலர்.

இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராத, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தங்கள் சிகிச்சை எந்த மருத்துவமனையில் ஏற்கப்படுகிறது என்பதை முன்னரே கேட்டறிய வேண்டும். சிகிச்சையைப் போலவே, பின்னர் எடுக்கும் படமும் தொகுப்பில் அடங்குமா என்பதைத் தனியே கேளுங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, நோயை உறுதி செய்யவும் தக்க மையத்துக்குப் பரிந்துரை பெறவும் இப்பகுதியினர் அணுகத்தக்க அண்மையான இடமாகும்.

மாதிரி அறியாதவை

கணினி மாதிரி உங்கள் சிறுநீரகத்தை அறியும். உங்கள் அறையை அறியாது. மிகைத் தைராய்டு நோய் இளம் பெண்களிடம் மிகுதி. இவ்வழித்தடத்தில் பணிபுரியும் இளம் பெண்கள் பெருந்தொகையினர். வல்லம் வடகாலில் 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி மட்டுமே 18,720 பேருக்கானது. மிகைத் தைராய்டு நோய்க்கு அயோடின்-131 பெரும்பாலும் புறநோயாளியாகவே தரப்படும். அதன்பின் மருத்துவர் குறிப்பிடும் நாட்கள் வரை தனியே உறங்க வேண்டும். குழந்தைகளிடமிருந்தும் கருவுற்றோரிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். கழிப்பறையில் இருமுறை நீரூற்ற வேண்டும். அறையைப் பகிர்ந்துகொள்வோர் இதை எவ்வாறு கடைப்பிடிப்பர்?

ஆகவே, மருந்து பெறும் முன்னரே உங்கள் இருப்பிடத்தைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறுங்கள். விடுதியில் எத்தனை பேர் ஓர் அறையில் உள்ளனர், கழிப்பறை பொதுவானதா, வீட்டில் கைக்குழந்தை உண்டா, நிறுவனப் பேருந்தில் எவ்வளவு நேரம் நெருங்கி அமர்ந்து செல்கிறீர்கள் என்பவை மருத்துவக் குறிப்புகளே. தேவையெனில் சில நாட்கள் சொந்த ஊரில் தங்கவோ, மருத்துவமனையில் இருக்கவோ ஏற்பாடு செய்யலாம். புற்றுநோய்க்கு அதிக அளவு அயோடின் பெறுவோர் தனி அறையில் அனுமதிக்கப்பட்டு, வெளிப்படும் கதிர்வீச்சு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த எல்லைக்குக் கீழே இறங்கிய பின்னரே வீட்டுக்கு அனுப்பப்படுவர்.

கருவுற்றிருப்போருக்கும் பாலூட்டுவோருக்கும் அயோடின்-131 தரப்படுவதில்லை. சிகிச்சைக்குப் பின் பெண்கள் குறைந்தது ஆறு மாதங்கள் கருத்தரித்தலைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் தயங்காமல் கூறுங்கள். இதை மறைப்பதால் ஏற்படும் தீங்கை எந்த மாதிரியும் திருத்தாது.

உங்கள் தரவும் உங்கள் ஒப்புதலும்

மாதிரிகள் பிறரது தரவைக் கொண்டே பயிற்றுவிக்கப்படுகின்றன. இன்றுள்ள மாதிரிகள் பெரும்பாலும் மேலைநாட்டு நோயாளிகளின் அளவீடுகளிலிருந்து எழுந்தவை. நம் மக்களின் உடல்வாகு, நீரிழிவால் தளர்ந்த சிறுநீரகம், நோய் முற்றிய நிலையில் சிகிச்சைக்கு வரும் வழக்கம் ஆகியவை அவற்றில் போதிய இடம்பெறவில்லை. நம் மையங்களில் எடுக்கப்படும் ஒவ்வொரு முறையான அளவீடும் இக்குறையைப் போக்க உதவும்.

ஆயினும், ஆய்வுக்கு உங்கள் படங்களைத் தருவது உங்கள் விருப்பம். நன்னெறிக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வா என்று கேளுங்கள். தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தைக் கேட்டுப் பெறுங்கள். மறுத்தாலும், இடையில் விலகினாலும், உங்களுக்குரிய சிகிச்சை குறையாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டுள்ளது. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான நன்னெறி வழிகாட்டுதல்களையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே ஆண்டில் வெளியிட்டது. நோய் கண்டறியவோ சிகிச்சை அளிக்கவோ பயன்படும் மென்பொருளும் இந்தியச் சட்டப்படி மருத்துவக் கருவியே. ஆகவே, ‘கணினியே உங்கள் அளவை முடிவு செய்யும்’ என்று விளம்பரம் செய்து கூடுதல் கட்டணம் கேட்போரிடம், அம்மென்பொருள் ஒப்புதல் பெற்றதா, அல்லது ஆய்வுக்கானதா என்று கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. ஆய்வுக்கான ஒன்றுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

1. எனக்குத் தரப்படும் அளவு நிலையானதா, கணக்கிடப்பட்டதா? என் நோயில் கணக்கிடுவதால் பயன் உண்டா?

2. மருந்து செலுத்திய பின் படம் எடுக்கப்படுமா? எந்த நாட்களில்? ஒரே படம் போதுமா?

3. என் சிறுநீரகம் இதுவரை ஏற்ற அளவு எவ்வளவு? அடுத்த சுற்றுக்கு முன் எந்தெந்த இரத்தப் பரிசோதனைகள் தேவை?

4. முதல் சுற்றின் முடிவைப் பார்த்து அடுத்த சுற்றின் அளவோ இடைவெளியோ மாற்றப்படுமா?

5. நான் தங்கியுள்ள இடத்தில் எத்தனை நாட்கள் என்னென்ன முன்னெச்சரிக்கைகள் தேவை? எப்போது பணிக்குத் திரும்பலாம்?

உடனிருப்போர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு சுற்றின் நாள், தரப்பட்ட அளவு, எடை, கிரியாட்டினின், இரத்த அணுக்களின் எண்ணிக்கை, எடுத்த படங்களின் நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். படங்களை அச்சுத்தாளாக மட்டுமன்றி, குறுந்தகட்டிலும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, இக்குறிப்பேடும் குறுந்தகடும் இல்லாமையால் சிகிச்சையைப் புதிதாகத் தொடங்குவது போன்ற நிலை ஏற்படுகிறது. முழுமையான மெய்நிகர் மாதிரி நடைமுறைக்கு வரும் நாளிலும் அதற்குத் தேவைப்படுவது இந்த விவரங்களே.

சிகிச்சைக்குப் பின் காய்ச்சல், இரத்தக்கசிவு, சிறுநீர் குறைதல், கடும் சோர்வு, தொடர் வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் காத்திராமல் சிகிச்சை பெற்ற மையத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், கதிரியக்க மருந்து பெற்றவர் என்பதையும் பெற்ற நாளையும் முதலிலேயே தெரிவியுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 எண்ணையும் அழைக்கலாம்.